கொழும்புக்குப் போகும் திருமலை வாசகருக்கு: பார்க்க வேண்டிய நூலகங்களும் கொடுக்க வேண்டிய பிரதிகளும்

திருகோணமலையில் இரவுப் புகையிரதத்தில் ஏறினால் விடியும் வேளையில் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை என்று நம் மாவட்டத்தின் நாலா பக்கமிருந்தும் நம்மவர்கள் கொழும்புக்குப் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். கடவுச்சீட்டு எடுக்க, வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு, கண் ஆஸ்பத்திரிக்கு, புறக்கோட்டையில் சரக்கு எடுக்க என்று காரணங்கள் பல. காலையில் விண்ணப்பத்தைக் கொடுத்தால் பிற்பகலில் வரச் சொல்வார்கள். இடையில் நான்கைந்து மணி நேரம் கையில் இருக்கும். அந்த நேரத்தைப் பெரும்பாலும் கடைத்தெருவிலோ, யாராவது ஓர் உறவினர் வீட்டிலோ கழித்துவிட்டு இரவு பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுகிறோம்.

அந்த அரை நாளில் ஒரு நூலகத்தைப் பார்க்கலாம் என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது? இலங்கை முஸ்லிம்கள் தமிழில் எழுதி அச்சிட்டவற்றின் பெரும் பகுதி இருக்கும் இடம் கொழும்பு. நம் ஊர்களைப் பற்றி ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் எழுதி வைத்தவையும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே புத்தகப் பிரியர்களும், உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களும், மத்ரஸா மாணவர்களும், ஊர் வரலாறு எழுத முனைபவர்களும் பயன்படுத்தக்கூடிய நூலகங்களை இங்கே வரிசையாகத் தருகிறேன். கடைசியில் நம் சமூகத்திடம் ஒரு வேண்டுகோளும் உண்டு.

புறப்படும் முன் நம் ஊரில்

கொழும்புக்குப் போவதற்கு முதல் நம் கையருகே இருப்பதைப் பார்த்துவிட வேண்டும். திருகோணமலைப் பொது நூலகமும், கிண்ணியா, மூதூர் போன்ற இடங்களில் உள்ளூராட்சி மன்றங்கள் நடத்தும் பொது நூலகங்களும் தினசரிப் பத்திரிகை வாசிக்கவும் பாடநூல் தேடவும் மட்டுமானவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் கைக்குக் கிட்டாத பழைய வெளியீடு, பாடசாலை ஆண்டு மலர், பள்ளிவாசல் திறப்பு விழா மலர், விளையாட்டுக் கழகத்தின் சிறப்பிதழ் போன்றவை எங்காவது தப்பியிருக்குமென்றால் அது இப்படிப்பட்ட நூலகங்களின் அலுமாரிகளில்தான் இருக்கும். நூலகரிடம் அமர்ந்து பேசினால்தான் அவை வெளியே வரும்.

நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கும் ஒரு நூலகம் உண்டு. பல்கலைக்கழக நூலகங்களுக்கு வெளியார் போவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்பது நல்லது. பாடசாலை அதிபரிடமோ பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ ஒரு கடிதம் பெற்றுப் போனால் காரியம் எளிதாகும்.

திருகோணமலை எழுத்துக்கு வறுமைப்பட்ட மண் அல்ல. தமிழின் முதல் வரலாற்று நாவலென்று பலராலும் குறிப்பிடப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊரில் பிறந்தவர். சென்னையில் மாநிலக் கல்லூரியோடு சேர்ந்திருந்த கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் பணியாற்றியவரும் அவரே. அவருடைய சகோதரர் தி. த. கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அறிஞர். ‘தோணி’ என்ற சிறுகதையால் தமிழுலகம் அறிந்த வ. அ. இராசரத்தினம் மூதூரைச் சேர்ந்தவர். கொட்டியாரக் குடாவின் மீனவர் வாழ்வை அவர் எழுத்தில் படித்தவர்களுக்கு, நம் கரையும் இலக்கியத்துக்குள் வரக்கூடியதுதான் என்பது புரியும். இவர்களுடைய நூல்கள் நம் மாவட்ட நூலகங்களில் இருக்கின்றனவா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்பவர் இருந்தால்தான் நூலகர் வாங்கி வைப்பார்.

கொழும்பு பொது நூலகம்

கொழும்பில் முதலில் போக வேண்டியது இங்கேதான். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகில், கொழும்பு 7, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கிறது. புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ‘பொது நூலகம்’ என்று சொன்னால் நடத்துனர் இறக்கிவிடுவார்.

1925இல் தொடங்கிய நூலகம் இது. அதற்கு முன்பு கொழும்பில் இயங்கிய இரண்டு பழைய சந்தா நூலகங்களின் புத்தகங்களே இதன் ஆரம்ப இருப்பு. அதாவது, சந்தா கட்டக்கூடிய சிலருக்கு மட்டும் இருந்த புத்தகங்கள் அந்த ஆண்டிலிருந்து பொதுமக்களுடையவையாயின. இப்போதைய கட்டடம் 1980இல் திறக்கப்பட்டது. மாநகர சபை நடத்தும் இந்த நூலகத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் நூல்கள் உண்டு. சிறுவர் பகுதி தனியாக இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்பு போகிறவர்கள் மிருகக்காட்சிச்சாலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளிமாவட்டத்தவர் புத்தகம் இரவல் எடுக்கும் எண்ணத்தில் இங்கே போக வேண்டியதில்லை. எடுத்தால் திருப்பிக் கொடுக்க மறுபடியும் 250 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். உசாத்துணைப் பகுதியில் உட்கார்ந்து வாசிப்பதே நமக்கு ஏற்றது. அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், இலங்கை பற்றிய ஆங்கில நூல்கள் ஆகியவை அங்கே கிடைக்கும். லுஹர் தொழுகைக்கு நகர மண்டபத்துக்கு அருகே இருக்கும் தெவட்டகஹ பள்ளிவாசலுக்கு நடந்தே போய்வரலாம்.

நூதனசாலை நூலகம்

பொது நூலகத்திலிருந்து சில நிமிட நடையில் வெள்ளை நிறத்தில் நிற்கும் கொழும்பு தேசிய நூதனசாலையை எல்லோரும் அறிவார்கள். பாடசாலைச் சுற்றுலாவில் கண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதற்குள்ளே நாட்டின் மிகப் பழைய நூலகங்களில் ஒன்று இருப்பதைப் பலர் அறிவதில்லை.

ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் 1877 ஜனவரி 1ஆம் திகதி இந்த நூதனசாலை திறக்கப்பட்டது. 1870இல் அமைக்கப்பட்ட அரசாங்கக் கீழைத்தேய நூலகத்தின் இருப்பு இதனோடு சேர்க்கப்பட்டது. கட்டடத்தைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் ஒரு முஸ்லிம்: அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழா நாளில் ‘உமக்கு என்ன சன்மானம் வேண்டும்?’ என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக நம் சமூகத்தில் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதே வாப்பிச்சி மரிக்கார்தான் பின்னர் அறிஞர் சித்திலெப்பை, எகிப்திலிருந்து இங்கு நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷா ஆகியோரோடு சேர்ந்து 1892இல் மருதானையில் ஸாஹிராவுக்கு வித்திட்டவர். அந்தப் படிகளில் ஏறும்போது, இது நம் பாட்டன்மார் கட்டிய கட்டடம் என்ற நினைவோடு ஏறலாம்.

இந்த நூலகத்தின் முக்கியத்துவத்துக்குக் காரணம் ஒரு சட்டம். 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கையில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் அரசாங்கத்திடம் கையளிக்கப்பட வேண்டும். அந்தப் பிரதிகளைப் பெறும் இடமாக நூதனசாலை நூலகம் ஆனது. இலங்கையின் முதல் தமிழ் நாவலென்று கருதப்படும் சித்திலெப்பையின் ‘அஸன்பே சரித்திரம்’ வெளிவந்ததும் அதே 1885இல்தான். அதற்குப் பிந்திய நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் இந்த நாட்டில் அச்சேறிய முஸ்லிம்களின் தமிழ் நூல்கள், அச்சகத்தார் தம் கடமையைச் செய்திருந்தால், அங்கே இருக்க வேண்டும். பக்திப் பாடல்கள், மௌலிது நூல்கள், மார்க்க விளக்கங்கள், மாலைகள், சிந்துகள், சங்க அறிக்கைகள் என எதையெல்லாம் நம் முன்னோர் அச்சிட்டார்கள் என்று தேட விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடம் இது. ஓலைச்சுவடிகளும் இங்கே பெருமளவில் இருக்கின்றன.

இது பொழுதுபோக்காக நுழைந்து அலுமாரிகளுக்கிடையே உலாவும் நூலகம் அல்ல. எந்த நூல் வேண்டும், எதற்காக என்று சொல்ல வேண்டும். நூற்பட்டியலைப் பார்த்து, படிவம் நிரப்பிக் கொடுத்தால் புத்தகம் மேசைக்கு வரும்.

தேசிய சுவடிகள் கூடம்

சுதந்திர சதுக்கத்துக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்தில், முன்பு ரீட் அவென்யூ என்று அழைக்கப்பட்ட பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. ஒல்லாந்தர் 1640 முதல் எழுதிய நிருவாகப் பதிவுகள், ஆங்கிலேயர் ஆட்சியின் ஆவணங்கள், பழைய பத்திரிகைகள் ஆகியவற்றின் பெருந்தொகுதி இங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவராக வந்து மோதினார்கள். வந்தவர்கள் எல்லோரும் எழுதினார்கள். 1786இல் திருகோணமலையில் ஒல்லாந்த அதிகாரியாக இருந்த வான் சென்டன், கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து ஒரு பயண நாட்குறிப்பு எழுதினார். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன், 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபட் நொக்ஸ், தப்பிச் சென்று 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டார். மூதூரில் நொக்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மரத்தின் கதையைச் சிறுவயதில் கேட்டவர்கள் நாம். அந்த நூலைப் படித்தவர்கள் எத்தனை பேர்? நொக்ஸின் நூல் மறுபதிப்புகளாகக் கொழும்பின் பெரிய நூலகங்கள் பலவற்றில் கிடைக்கும். மரத்தைக் காட்டுகிறவர் நூலையும் படித்திருந்தால் சுற்றுலாப் பயணியிடம் சொல்லும் கதைக்கு ஒரு கனம் வரும்.

பத்திரிகைகளைப் பொறுத்தவரை, ‘வீரகேசரி’ 1930இலும் ‘தினகரன்’ 1932இலும் தொடங்கியவை. நம் ஊர்களின் பாடசாலை திறப்பு, தேர்தல், வெள்ளம், புயல், பாலம் கேட்ட கூட்டம் என எல்லாம் அந்தப் பழைய தாள்களில் செய்திகளாக இருக்கும். தேடும்போது ‘கிண்ணியா பற்றி ஏதாவது’ என்று போகக் கூடாது. எந்த ஆண்டு, எந்த மாதம் என்று ஓரளவுக்கு முடிவு செய்துகொண்டு போனால் ஒரே நாளில் பலன் கிடைக்கும். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் முதலில் பேசி, ‘அந்தப் பாடசாலை எந்த வருஷம் வந்தது?’, ‘அந்த வெள்ளம் எப்போது?’ என்று குறித்துக்கொள்வது பாதி வேலை.

தேசிய நூலகம்

சுதந்திர அவென்யூவில் இருக்கும் இலங்கைத் தேசிய நூலகம் 1990இல் திறக்கப்பட்டது. இதை நடத்துவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. நூலாசிரியர்களுக்கு இந்தச் சபை இன்னொரு வகையிலும் அறிமுகமாகியிருக்க வேண்டும். நூல்களின் பின்னட்டையில் இருக்கும் சர்வதேசத் தராதரப் புத்தக எண்ணை இலங்கையில் வழங்குவது இவர்கள்தான். நாட்டில் வெளிவரும் நூல்களைப் பதிவு செய்யும் தேசிய நூற்பட்டியலும் இவர்களுடைய பொறுப்பில் வருகிறது. ஒரு நூல் அதில் இடம்பெற்றால் நாளை ஆய்வு செய்ய வருபவருக்கு அந்த நூல் இருந்ததென்று தெரியும். இடம்பெறாவிட்டால் அதைத் தேட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம்

வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. புறக்கோட்டையிலிருந்து காலி வீதியால் போகும் 100, 101 இலக்க பஸ்களில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கலாம். தமிழ் நூல்களுக்கென்றே அமைந்த நூலகம் என்பதால், மூன்று மொழிகளுக்கிடையே தேடும் சிரமம் இல்லை. ஈழத்து எழுத்தாளர்களின் நாவல், சிறுகதை, கவிதைத் தொகுதிகள், சஞ்சிகைகள் ஆகியவற்றைத் தேடுகிறவர்களுக்கு ஏற்ற இடம். இங்கு போகும்போது நம் இலக்கியத்தையும் தேடிப் பாருங்கள். ஏ. எம். ஏ. அஸீஸின் ‘இலங்கையில் இஸ்லாம்’, பேராசிரியர் எம். எம். உவைஸின் நூல்கள் போன்றவற்றிலிருந்து தொடங்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கான முதல் பேராசிரியராக இருந்த உவைஸ், பீ. மு. அஜ்மல்கானோடு சேர்ந்து எழுதிய ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ பல தொகுதிகளைக் கொண்டது. எந்த நூல்களைத் தேட வேண்டும் என்று தெரியாமல் நூலகத்துக்குப் போகிறவர், முதலில் அந்தத் தொகுதிகளில் ஒன்றைப் புரட்டினால் போதும். வாழ்நாள் முழுவதும் தேடப் போதுமான பட்டியல் அதில் இருக்கிறது.

கொழும்புக்கு அப்பால்

மார்க்கக் கல்வி பயிலும் மாணவர்களுக்கும் மௌலவிமாருக்கும் பேருவளை ஜாமிஆ நளீமிய்யாவின் நூலகம் முக்கியமானது. 1973இல் நளீம் ஹாஜியாரால் நிறுவப்பட்ட கலாபீடம் அது. கொழும்பிலிருந்து கரையோரப் புகையிரதத்தில் போய்வரும் தூரம்தான். கல்வி நிறுவனம் என்பதால் முன்கூட்டியே பேசி அனுமதி பெற்றுப் போக வேண்டும். கிழக்கில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், மலையகத்தில் பேராதனைப் பல்கலைக்கழகமும் பெரிய நூலகங்களைக் கொண்டவை.

சிகிச்சைக்காகச் சென்னை போகிறவர்கள் நம்மிடையே அதிகம். ஆஸ்பத்திரித் திகதிகளுக்கு இடையே ஓய்வு கிடைத்தால், எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தைப் பார்க்கலாம். இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் அதுவும் ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணியில் பழந்தமிழ் அச்சு நூல்களைக் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், திருவல்லிக்கேணியில் 1850இல் தொடங்கிய முஹம்மதன் பொது நூலகம் ஆகியவையும் உண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் அறபுத்தமிழ் நூல்களை ஓதி வளர்ந்த நம் மூத்த தலைமுறைக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் தம் வீட்டு அலுமாரியின் தொடர்ச்சிதான்.

கையில் இருக்கும் நூலகம்

பயணமே செய்ய முடியாதவர்களுக்கு 2005இல் தன்னார்வலர்களின் முயற்சியில் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் என ஓர் இலட்சத்துக்கும் அதிகமான ஆவணங்களை அது மின்வடிவில் சேர்த்திருக்கிறது. கட்டணம் இல்லை. முஸ்லிம்கள் தொடர்பான ஆவணங்களுக்கும் அதில் தனிக் கவனம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கொழும்புக்குப் புறப்படும் முன் இதில் தேடிவிட்டுப் போவது நல்லது. இங்கேயே கிடைக்கும் நூலுக்காகக் கொழும்பில் ஒரு மணி நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

போகும்போது கவனிக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். மாணவராக இருந்தால் கல்வி நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். போயா தினங்களிலும் அரச விடுமுறைகளிலும் போய் ஏமாற வேண்டாம். புறப்படும் முன் ஒரு தொலைபேசி அழைப்பில் திறக்கும் நேரத்தையும் அனுமதி விபரத்தையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பைகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள். ஆகவே சரக்கு மூட்டையோடு போகாதீர்கள். பழைய ஆவணங்களுக்குப் பக்கத்தில் பேனா வேண்டாம், பென்சிலே நல்லது. தொலைபேசியில் படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த நூலில், எந்தப் பக்கத்தில் எடுத்த குறிப்பு என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். ஊருக்கு வந்தபின் அதை நினைவில் கொண்டுவருவது கடினம்.

நேரம் குறைவென்றால் இப்படித் திட்டமிடலாம்: ஒரு நாள் இருந்தால் பொது நூலகமும் நூதனசாலையும். இரண்டு நாள் இருந்தால் மறுநாள் சுவடிகள் கூடமும் தேசிய நூலகமும். இந்த நான்கும் கொழும்பு 7க்குள் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. மாலையில் நேரம் மிஞ்சினால் வெள்ளவத்தை.

முதற்பிரதியும் கடைசிப் பிரதியும்

இனி அந்த வேண்டுகோள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கிண்ணியாவிலும் மூதூரிலும் உயிர்கள் போயின, வீடுகள் போயின. அந்த வீடுகளோடு அலுமாரிகளும் போயின. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த துணியோடு ஊரை விட்டு வெளியேறினார்கள். அப்போது யாரும் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். எடுக்கவும் முடியாது. வாப்பா ஓதிய அறபுத்தமிழ்க் கிதாபு, பெரிய வாப்பா கையால் எழுதிய வைத்தியக் குறிப்பு, ஊர்ச் சங்கத்தின் பழைய மலர் என்று எத்தனையோ நனைந்தும் அழிந்தும் போயிருக்கும். அவற்றில் அச்சேறியதன் ஒரு பிரதி கொழும்பில் இருந்திருந்தால் அதை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். எங்கும் கொடுக்கப்படாமல் வீட்டில் மட்டும் இருந்தது அன்றோடு முடிந்தது.

ஒரே இடத்தில் எல்லாம் இருப்பதும் ஆபத்துத்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடத்தைத் திரும்பக் கட்ட முடிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத நூல்களைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. புத்தகத்தைக் காப்பதற்கு மனிதன் இதுவரை கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: பல பிரதிகள், பல இடங்களில்.

நம் பகுதியில் இன்று நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. கவிதைத் தொகுதி, சிறுகதை, மார்க்க விளக்கம், ஊர் வரலாறு, நினைவு மலர் என்று வந்துகொண்டேயிருக்கின்றன. மேடையில் முதற்பிரதியைப் பெறுவதற்கு ஒரு தனவந்தரை அழைக்கிறோம். அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். சிறப்புப் பிரதிகளைப் பெற இன்னும் பத்துப் பேர் வரிசையில் வருகிறார்கள். அச்சகச் செலவை அடைக்க அந்த அன்பளிப்புகள் தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் விழா முடிந்து மீதிப் பிரதிகள் எழுத்தாளரின் கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடக்க, ஒரு பிரதிகூட எந்த நூலகத்துக்கும் போவதில்லை. சில ஆண்டுகளில் கறையான் வந்துவிடுகிறது. பல நூல்கள் புத்தக எண்ணும் இல்லாமல், பதிப்பித்த ஆண்டுகூடச் சரியாகப் போடப்படாமல் வருகின்றன. பிறகு ‘எங்கள் வரலாற்றை யாரும் எழுதவில்லை, எங்கள் இலக்கியத்தை ஆய்வாளர்கள் கண்டுகொள்வதில்லை’ என்று குறைபட்டுக்கொள்கிறோம். ஆய்வாளர் தேடிப் போகும் இடத்தில் நம் நூல் இல்லையென்றால் அவரைக் குறை கூறி என்ன பயன்?

ஆகவே நம் எழுத்தாளர்களும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், பாடசாலைகளும், சங்கங்களும் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அச்சுக்குப் போகும் முன் புத்தக எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். அச்சிட்டதும் சட்டப்படி கொடுக்க வேண்டிய பிரதிகள் சுவடிகள் திணைக்களத்துக்குப் போய்விட்டனவா என்று அச்சகத்தாரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். திருகோணமலை, கிண்ணியா, மூதூர் பொது நூலகங்களுக்கும், கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும், நளீமிய்யாவுக்கும் ஒவ்வொன்று அனுப்புங்கள். ஒன்றை ‘நூலகம்’ நிறுவனத்துக்கு மின்வடிவாக்கக் கொடுங்கள். எல்லாம் சேர்த்துப் பதினைந்து பிரதிகளைத் தாண்டாது. ஐந்நூறு பிரதி அடிக்கிற நமக்கு இது பெரிய இழப்பல்ல.

வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய கிதாபுகளையும் மலர்களையும் பற்றியும் ஒரு சொல். மூத்தவர்கள் மௌத்தானதும் அவர்களுடைய புத்தகங்களைக் கோணிப்பையில் கட்டிப் பழைய தாள் வாங்குபவரிடம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிழிந்த கிதாபுகளைப் பேணுதலுக்காகக் கிணற்றிலோ ஆற்றிலோ விடுகிறவர்களும் உண்டு. அதற்கு முன் ஊரில் விபரம் தெரிந்த ஒருவரையோ நூலகரையோ கூப்பிட்டு ஒருமுறை காட்டுங்கள். குறைந்தது ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். பயன் தரும் அறிவை விட்டுச் செல்வது மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் காரியங்களில் ஒன்று என்பது நாம் அறிந்த மார்க்கம். வாப்பாவின் புத்தகம் ஒரு நூலகத்தின் அலுமாரியில் இருந்து யாரோ ஒரு மாணவர் அதைத் திறந்து படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நன்மை தொடரும்.

ஒரு காலத்தில் கிண்ணியாத் துறையில் மிதவைப் பாதைக்காகக் காத்திருந்து நகரத்துக்குப் போன தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 2009இல் பாலம் வந்தபின் அந்தக் காத்திருப்பு இல்லாமல் போனது. நகரத்து நூலகத்துக்கு இன்று விரைவாகவே போய்விடலாம். ஆகவே தொலைவு என்ற சாட்டு இனி நமக்கு இல்லை. அடுத்த முறை கொழும்பு போகும்போது அடையாள அட்டையோடு ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க்காரர் எழுதிய புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தால் அதன் ஒரு பிரதியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.